ஓடினா இருதயம் தேஞ்சு போகுமா?

வெள்ளியங்கிரி மலையேத்த சீசன் வந்தா கோயமுத்தூர்ல ரெண்டு விதமான செய்தி வரும். பூண்டி அடிவாரத்துல கூட்டம் அலைமோதுதுன்னு ஒண்ணு. மலையேறும்போது நெஞ்சு வலி வந்து ஒருத்தர் இறந்துட்டார்னு இன்னொண்ணு.

ரெண்டாவது செய்தி வந்த கையோட எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல பெரியப்பா ஒரு ஃபார்வர்டு போட்டார். "மனுஷனுக்குப் பொறக்கும்போதே இத்தனை துடிப்புன்னு கணக்கு எழுதியாச்சு. ஓடி ஆடி அதைச் சீக்கிரம் தீர்த்துடாதீங்க." அதுக்குக் கீழ எனக்குன்னு தனியா ஒரு வரி: "கண்ணு, காலைல ரேஸ் கோர்ஸ்ல ஓடுறதை நிறுத்திக்கோ சாமி."

பெரியப்பா மேல எனக்குக் கோபம் இல்லீங்க. அவர் சொல்றது அக்கறை. ஆனா அந்த ஃபார்வர்டைப் படிச்சுட்டு எங்க அத்தை சாயங்கால நடையை நிறுத்திட்டாங்க. அறுபது தாண்டினவங்க. சுகர் இருக்கு. நடக்க ஆரம்பிச்ச பொறகுதான் ராத்திரி நல்லாத் தூங்குறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தவங்க. அங்கதான் எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு.

சரி, அந்தக் கணக்கையே எடுத்துக்குவோம். துடிப்பெல்லாம் பேங்க்ல போட்ட பணம், எடுக்க எடுக்கக் குறையும்னே ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம்.

உடற்பயிற்சியே இல்லாத ஒருத்தருக்கு நிமிஷத்துக்கு 72 துடிப்பு. ஒரு நாளைக்கு 1,03,680.

அதே ஆள் சில மாசம் விடாம ஓடிப் பழகுறார். சும்மா இருக்கும்போது துடிப்பு 62க்கு இறங்குது (பத்து இறங்குறது பெரிய சாதனை இல்லீங்க, நிறைய பேருக்கு நடக்குறதுதான்). தினம் ஒரு மணி நேரம் 150 துடிப்புல ஓடுறார். அந்த ஒரு மணி நேரத்துக்கு 9,000. மிச்ச 23 மணி நேரத்துக்கு 85,560. மொத்தம் 94,560.

ஓடுற ஆளுக்குத்தான் மிச்சம். ஒரு நாளைக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல!

ஆக, பெரியப்பா சொல்ற கணக்குப்படியே பார்த்தாலும் ஓடணும். (குரூப்புல இதைப் போட்டேன். பெரியம்மா மட்டும் கை கூப்புற படம் போட்டாங்க.)

இதுல பெரிய விஷயம் என்னன்னா, அப்படி ஒரு கணக்கே கிடையாது. துடிக்கத் துடிக்கத் தேய்ற சாமான் இல்ல இருதயம். என்ன வேலை கேக்குறோமோ அதுக்குத் தக்கபடி தன்னை மாத்திக்கிற தசை அது. துடிப்பு ஏன் இறங்குதுன்னு பார்த்தாலே அது புரிஞ்சுடும்.

சும்மா உக்காந்திருக்கும்போது நம்ம உடம்புக்கு நிமிஷத்துக்குச் சுமாரா 5 லிட்டர் ரத்தம் வேணும். சாதாரண ஆளோட இருதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லி தள்ளும். 72 தடவை துடிச்சா 5 லிட்டர் ஆச்சு. பல வருஷம் ஓடின ஒருத்தரோட இருதயம் ஒரே துடிப்புல 100 மில்லி தள்ளும். அவருக்கு 50 துடிப்பே போதும். வேலை அதேதான், துடிப்பு கம்மி.

100 மில்லி எப்படி வருது? நீண்ட நேரம் ஓடும்போது கால் தசைகள்ல இருந்து ரத்தம் பெருக்கெடுத்துத் திரும்பி வருது. இடது கீழறை ஒவ்வொரு தடவையும் நல்லா விரிஞ்சு அதை வாங்கிக்குது. மாசக்கணக்கா இப்படியே நடந்தா அறையோட கொள்ளளவே கூடிடும். சுவரும் அதுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் தடிக்கும். கூடவே மூளையில இருந்து வர்ற வேகஸ் நரம்பு துடிப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். துடிப்பைக் கிளப்பிவிடுற சைனஸ் கணுவுல இருக்கிற செல்களே மாறுதுன்னு எலிகள்ல பார்த்திருக்காங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. இருதயம் சுருங்கும்போது தன்னோட ரத்தக்குழாய்களையே அமுக்கிக்கும். அதனால அது தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் விரியுற நேரத்துலதான் வாங்கிக்குது. 72 துடிப்புன்னா ஒரு துடிப்புக்கு 0.83 நொடி. 50 துடிப்புன்னா 1.2 நொடி. சுருங்குற நேரம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சுமாரா 0.3 நொடி. அப்ப மிச்சமாகுற நேரம் எல்லாம் யாருக்கு? இருதயத்துக்குத்தான். ஊருக்கெல்லாம் ரத்தம் ஓட்டுறது தனக்கும் நிதானமா எடுத்துக்குது.

உச்சக்கட்ட வேகத்துலதான் வித்தியாசம் நல்லாத் தெரியும். பழக்கமில்லாத ஆளோட இருதயம் முழு வேகத்துல நிமிஷத்துக்குச் சுமாரா 20 லிட்டர் தள்ளும். உலகத் தரத்து ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள்னு போனா 35, 40 லிட்டர் வரைக்கும் வரும். இத்தனைக்கும் உச்சத் துடிப்பு ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். பயிற்சி உச்சத் துடிப்பைக் கூட்டாது. ஒவ்வொரு துடிப்போட கொள்ளளவைத்தான் கூட்டும்.

இந்தப் பெரிய இருதயத்தை முதல்ல கவனிச்சுச் சொன்னவர் ஹென்ஷன்னு ஒரு ஸ்வீடன் டாக்டர், 1899ல. பனிச்சறுக்குப் பந்தயக்காரர்களோட நெஞ்சை விரலால தட்டித் தட்டி, சத்தம் மாறுற எல்லையை வெச்சு இருதயத்தோட அளவைக் கண்டுபிடிச்சார். (எக்கோ ஸ்கேன் எல்லாம் வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்த காலம். அந்த விரலுக்கு ஒரு கும்பிடு!) பெரிசா இருக்கிற இருதயம்தான் அதிக வேலை செய்யுதுன்னு அவர் சரியாவே புரிஞ்சுக்கிட்டார். ஆனா அவருக்கு அப்பறமும் ரொம்ப வருஷத்துக்கு டாக்டர்கள்ல பல பேர் இதை நோயாத்தான் பார்த்தாங்க.

அந்தப் பயத்துல மாட்டினவர்தான் கிளாரன்ஸ் டிமார்.

அமெரிக்காக்காரர். அச்சகத்துல வேலை. 1911ல பாஸ்டன் மாரத்தானுக்கு முன்னாடி அவரைப் பரிசோதிச்சப்போ இருதயத்துல முணுமுணுப்புச் சத்தம் கேக்குது, இதோட ஓட்டத்தை விட்டுடுன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பந்தயத்துல அவர்தான் முதல்ல வந்தார். பொறகு சில வருஷம் பெரிய பந்தயங்களை விட்டு ஒதுங்கியே இருந்தார். திரும்பி வந்து 1922, 23, 24, 27, 28, 30ன்னு பாஸ்டன்ல இன்னும் ஆறு தடவை ஜெயிச்சார். கடைசியா ஜெயிச்சப்போ வயசு 41. அறுபது தாண்டியும் ஓடினார்.

1958ல புத்துநோய்ல இறந்துபோனார், 70 வயசு. உடலைப் பரிசோதனை பண்ணிப் பார்த்தாங்க. இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற கொரோனரி குழாய்கள் சாதாரண ஆளுக்கு இருக்கிறதைவிட ரெண்டு மூணு மடங்கு அகலம். அந்த வயசுக்கு வர்ற கொழுப்புப் படிவு அவருக்கும் கொஞ்சம் இருந்துச்சு. ஆனா குழாய் அவ்வளவு அகலமா இருந்ததால ரத்தம் போறதுக்குத் தடையே இல்ல. இது 1961ல மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. ஒரே ஒரு ஆளை வெச்சு எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்லிட முடியாது, பொறவிலயே அகலமாக்கூட இருந்திருக்கலாம். ஆனா அரை நூற்றாண்டு ஓடின இருதயம் தேஞ்சு போகலைங்கிறது மட்டும் நிச்சயம்.

தேயுறது எப்படின்னு பார்க்கணுமா? அதுக்கு வேற ஒரு கதை இருக்கு.

1966. டெக்சாஸ்ல டல்லாஸ் நகரம். இருபது வயசுப் பசங்க அஞ்சு பேர், எல்லாரும் நல்ல ஆரோக்கியம். மூணு வாரம் படுக்கையை விட்டு எந்திரிக்கவே கூடாதுன்னு படுக்க வெச்சாங்க. அவங்க உடம்பு உச்ச வேகத்துல எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்திக்குதுன்னு முன்னாடியும் அளந்தாங்க, பின்னாடியும் அளந்தாங்க.

மூணே வாரத்துல கால்வாசிக்கு மேல போயிருச்சு. இருதயமே சுருங்கிருச்சு. எந்த நோயும் இல்ல, வெறுமனே படுத்துக்கிடந்ததுக்கு!

அப்பறம் ரெண்டு மாசத்துக்குக் கிட்ட ஓட வெச்சாங்க. போனதெல்லாம் திரும்பி வந்துச்சு. முன்னாடி விளையாட்டுப் பழக்கமே இல்லாத மூணு பேரும் ஆரம்பத்துல இருந்ததைவிட மேலயே போயிட்டாங்க.

கதை இதோட முடியல. முப்பது வருஷம் கழிச்சு, 1996ல, அதே அஞ்சு பேரையும் திரும்பக் கூப்பிட்டு அளந்தாங்க. இப்ப அம்பது வயசு, எடை கூடி, தொப்பை போட்டவங்க. முப்பது வருஷத்து முதுமை அவங்க சக்தியைக் குறைச்சதைவிட, இருபது வயசுல மூணு வாரம் படுத்தது அதிகமாக் குறைச்சிருந்துச்சு. ஆறு மாசம் நிதானமாப் பயிற்சி கொடுத்தாங்க. இருபது வயசுல படுக்கப் போறதுக்கு முன்னாடி இருந்த அளவுக்கே வந்து சேர்ந்தாங்க. (இந்த முறை இருதயத்தைவிட, ரத்தத்துல இருந்து ஆக்சிஜனை உறிஞ்சுற தசையோட திறமைதான் அதிகம் கூடியிருந்துச்சு.)

அந்தக் காலத்துல மாரடைப்பு வந்தவங்களை வாரக்கணக்கா அசையவிடாமப் படுக்க வெப்பாங்க. அந்தப் பழக்கம் மாறினதுல இந்த ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு. இன்னிக்கு பைபாஸ் பண்ணினவங்களைக்கூட ஓரிரு நாள்லயே எழுப்பி நடக்க விடுறாங்களே, அதை நினைச்சுப் பாருங்க.

இனி தசைக்கு வருவோம்.

இருதயம் எவ்வளவு ரத்தம் அனுப்பினாலும் வாங்கிக்கிற இடம் தயாரா இருக்கணும். ஓடிப் பழகப் பழக, தசை நார்களைச் சுத்தி முடியைவிட மெல்லிசான ரத்தக்குழாய்கள் புதுசா முளைக்கும். நாருக்கு உள்ள மைட்டோகாண்ட்ரியா பெருகும். ஆக்சிஜனை வெச்சு சர்க்கரையையும் கொழுப்பையும் எரிச்சு சக்தி எடுக்குற இடம் அதுதான். 1967ல ஹாலோசின்னு ஒருத்தர் எலிகளை மாசக்கணக்கா டிரெட்மில்லுல ஓடவிட்டுக் கால் தசையைப் பரிசோதிச்சார். மைட்டோகாண்ட்ரியாவோட எரிக்கிற திறமை ரெண்டு மடங்காகியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் பயிற்சியால தசை பருக்கும்னு தெரியும், உள்ளுக்குள்ளயே இப்படி மாறும்னு யாரும் தெளிவாக் காட்டினதில்ல.

ஓடுறதுல நான் பல விதமா முயற்சி பண்ணிப் பார்த்திருக்கேங்க. தினமும் மூச்சு முட்ட ஓடிப் பார்த்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடிப் பார்த்தேன். வாட்ச்ல துடிப்பைப் பார்த்துப் பார்த்து ஓடிப் பார்த்தேன். எனக்கு நல்லா ஒத்து வந்தது மெதுவான ஓட்டம். ஓடிக்கிட்டே சித்தி பையனுக்கு போன் போடுவேன். முழு வாக்கியம் பேச முடிஞ்சா வேகம் சரி. "ஆமா... ம்... சரி..."ன்னு துண்டு துண்டா வந்தா வேகம் ஜாஸ்தி. (அவனும் அந்த நேரத்துல நடக்க ஆரம்பிச்சுட்டான், கூடுதல் லாபம்.) வாரத்துல ஒரு நாள் மட்டும் வேகமா. மத்த நாளெல்லாம் பேச்சு வேகம்தான். மெதுவா ஓடினா நிறைய நேரம் ஓடலாம், மறுநாளும் ஓடலாம். தசைக்கும் இருதயத்துக்கும் வேண்டியது அந்தத் தொடர்ச்சிதான்.

ரத்தம் பத்தியும் ஒரு வார்த்தை. பயிற்சி ஆரம்பிச்ச சில நாள்லயே ரத்தத்துல இருக்கிற நீர்ப்பகுதி, பிளாஸ்மா, கூடிடும். சிவப்பணு கூட இன்னும் பல வாரம் ஆகும். அந்த இடைவெளியில டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் கொஞ்சம் கம்மியாக் காட்டும். ஆனா பெண்கள் இதை அப்படியே விட்டுடக் கூடாது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி (2019-21) இந்தியாவுல 15 முதல் 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓட ஆரம்பிச்ச பொண்ணு "ரொம்ப அசதியா இருக்கு"ன்னு சொன்னா, சோம்பேறித்தனம்னு சொல்லாம இரும்புச்சத்து டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.

இப்ப வெள்ளியங்கிரிக்கே வருவோம்.

ஏழு மலை ஏறி இறங்கினவங்களைக் கேட்டுப் பாருங்க. மறுநாள் பரவாயில்லம்பாங்க. அதுக்கு அடுத்த நாள் மாடிப்படியில கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கவாட்டுல இறங்குவாங்க, நண்டு மாதிரி. லேக்டிக் ஆசிட் சேர்ந்துருச்சுன்னு ஜிம்லகூடச் சொல்வாங்க. அது இல்லீங்க. தசையில சேர்ற லேக்டேட் ஒரு மணி நேரம் போலக் கழிஞ்சாலே பெரும்பாலும் காலியாயிடும். அதைக்கூட இருதயமும் மத்த தசைகளும் எரிபொருளாப் பயன்படுத்திக்கும். ரெண்டு நாள் கழிச்சு வர்ற வலிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

வலிக்குக் காரணம் ஏறினது இல்ல, இறங்கினது. இறங்கும்போது மூங்கில் தடியை ஊனி ஒவ்வொரு கல்லுலயும் காலை வெக்கிறீங்கல்ல? அப்ப தொடையோட முன்பக்கத் தசை, முட்டி மடங்கிடாம உடம்பைத் தாங்கிப் பிடிக்கணும். சுருங்கப் பார்க்குற தசையை உடம்போட எடை இழுத்து நீட்டுது. அந்த இழுவையில நார்களுக்குள்ள நுண்ணிய சிதைவு உண்டாகும். அதைச் சரி பண்ண வர்ற வீக்கம்தான் வலி. சரியானதும் அந்தத் தசை முன்னைவிட உறுதியாயிடும். அடுத்த சில வாரத்துக்குள்ள அதே மாதிரி இறங்கினா அவ்வளவு வலிக்காது. ஒரே ஒரு தடவை செஞ்சதுக்கே இந்தப் பாதுகாப்பு!

எடை தூக்கினா நடக்குறது இன்னொரு வகை. முதல் சில வாரத்துல கூடுற பலம் பெரும்பாலும் நரம்போட வேலை. தசை அளவு மாறியிருக்காது, ஆனா நரம்பு இன்னும் நிறைய நார்களை ஒரே நேரத்துல எழுப்பி வேலை வாங்கப் பழகியிருக்கும். 1894லயே யேல் பல்கலைக்கழகத்துல ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தாங்க, சும்மா இருந்த கைக்கும் பலம் கூடியிருந்துச்சு! (ஒரு கை முறிஞ்சு கட்டுப் போட்டவங்களுக்கு இன்னொரு கைக்குப் பயிற்சி கொடுக்கலாமான்னு இப்பவும் பார்க்குறதுக்கு இதுதான் அடிப்படை.) அப்பறம்தான் நாரே தடிக்க ஆரம்பிக்கும். நாரோட ஓரத்துல தூங்கிக்கிட்டிருக்கிற சாட்டிலைட் செல்கள் விழிச்சு வந்து ஒட்டிக்கிட்டு அதை வளர்க்கும்.

வயசானவங்களுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேக்குறவங்களுக்காக இதைச் சொல்றேன். 1990ல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல 86 முதல் 96 வயசு வரைக்கும் உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால எடை தூக்க வெச்சாங்க. முடிச்ச ஒன்பது பேருக்குத் தொடை பலம் சராசரியா 174 சதவீதம் கூடியிருந்துச்சு. தசையோட அளவும் கூடுச்சு. ரெண்டு பேர் கைத்தடி இல்லாமலே நடந்தாங்க. தொண்ணூறு வயசுலயும் தசை கத்துக்குது.

இதைப் படிச்சுக் காட்டினதும் அத்தை திரும்ப நடக்கக் கிளம்பிட்டாங்க. இப்ப டிவி பார்க்கும்போது நாற்காலியில இருந்து கை ஊனாம எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றாங்க. ஒவ்வொரு விளம்பரத்துக்கும்!

அப்ப மலையில இறந்தவங்க? அதையும் நேரா சொல்லணும்.

மாரடைப்பு வந்தவங்க ஆயிரத்துச் சொச்சம் பேரை வெச்சு 1993ல அமெரிக்காவுல ஓர் ஆய்வு வந்துச்சு. கடுமையா உழைச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள மாரடைப்பு வர்ற வாய்ப்பு எவ்வளவு கூடுதுன்னு பார்த்தாங்க. வாரத்துக்கு அஞ்சு நாளோ அதுக்கு மேலயோ உடம்பை வருத்திப் பழகினவங்களுக்கு 2.4 மடங்கு. வாரம் ஒரு நாள்கூட இல்லாம, திடீர்னு வருத்தினவங்களுக்கு 107 மடங்கு. (ஒரு குறிப்பிட்ட மணி நேரத்துல மாரடைப்பு வர்ற வாய்ப்பே ரொம்பச் சின்னது, அதோட மடங்குதான் இது. அதனால பயந்துட வேண்டாம்.) குழாய்ல அடைப்பு இருக்கிறதே தெரியாம, வருஷம் பூரா நாற்காலியில உக்காந்துட்டு, ஒரே ராத்திரியில ஏழு மலையைக் கடக்கிறதுலதான் ஆபத்து அதிகம். தினமும் நடக்குறதுல இல்ல.

அதனால மாசியில ஏறணும்னு நினைக்கிறவங்க புரட்டாசியிலயே ஆரம்பிங்க. முதல்ல நடை. அப்பறம் நடையும் ஓட்டமும் கலந்து. மருதமலைப் படி ஏறி இறங்குங்க, இறங்குறதைக் கட்டாயம் சேர்த்துக்குங்க. வாரத்துல ரெண்டு நாள் எடை. இருதயமும் தசையும் சீக்கிரம் தயாராயிடும், ஆனா குதிகால் பின்னாடி இருக்கிற தசைநாண் ரொம்ப நிதானமாத்தான் மாறும். மூச்சு நல்லா இருக்குன்னு தூரத்தைத் திடுதிப்புனு கூட்டினா வலி வர்றது அங்கதான்.

நாப்பது தாண்டினவங்க, சுகர், பிரஷர் இருக்கிறவங்க, சிகரெட் பிடிக்கிறவங்க, வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே இருதயக் கோளாறு வந்திருந்தா அவங்களும், ஆரம்பிக்கும்போதே டாக்டரைப் பார்த்துடுங்க. அளவு பெரிசான இருதயம் எல்லாமே பயிற்சியால வந்ததா இருக்காது, சுவர் தடிச்சுப்போற பரம்பரை நோய் ஒண்ணும் இருக்கு. ஓடும்போது நெஞ்சு அழுத்தினாலோ, இடது கை, தாடைன்னு வலி பரவினாலோ, கண்ணு இருட்டிக்கிட்டு வந்தாலோ, அங்கயே நின்னு உக்காருங்க. கூட வர்றவங்ககிட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்க. மலை அடுத்த வருஷமும் அங்கயேதான் இருக்கும்.